புள்ளி முடிந்ததும் ஷட்டிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது: இறகுப்பந்து ஆடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கேம் 21-17 என்று முடிகிறது என்றால் அதில் 38 ரேலி (சர்வீஸ் போட்டதிலிருந்து புள்ளி முடியும்வரை நடக்கும் ஆட்டம்) நடந்திருக்கிறது. அந்த 38 தடவையும் ஷட்டில் அடுத்து சர்வீஸ் போடுபவர் கைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். மூன்று கேம் போனால் இது நூறைத் தொட்டுவிடும். கோச்சிங்கில் ஸ்மாஷ் சொல்லித் தருகிறார்கள், டிராப் சொல்லித் தருகிறார்கள், கால் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு மேட்ச்சில் நூறு தடவை நடக்கும் இந்த வேலையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் நன்றாக ஆடத் தெரிந்தவர்களே ஷட்டிலைக் காலால் நெட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கிறார்கள்.

நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான். அடுத்து சர்வீஸ் போடுபவர் குனியாமல், நடக்காமல், நின்ற இடத்திலேயே ஷட்டிலைப் பிடிக்க முடிகிறதா? முடிந்தால் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். கீழே சொல்லும் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். பெரும்பாலும் நடுவர் இல்லாமல் ஆடும் ஆட்டங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்: மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கும் கோர்ட், காலை பேட்ச், அபார்ட்மென்ட் கோர்ட். நடுவர் இருக்கும் போட்டிகளைப் பற்றித் தனியாகப் பின்னால் வருகிறது.

முதலில், ரேலி முடிந்துவிட்டதா?

ஷட்டில் தரையைத் தொட்டால் ரேலி முடிந்தது. நெட்டில் பட்டு, அடித்தவர் பக்கமே கீழே விழத் தொடங்கினாலும் முடிந்தது. ஃபால்ட் (விதிமீறல்), லெட் (புள்ளி கணக்கில் வராமல் திரும்ப ஆடுவது) ஆனாலும் முடிந்தது. அதற்கு முன்பு ஷட்டிலை எடுக்கக் கை நீட்டாதீர்கள். ஆட்டம் நடக்கும்போது உங்கள் பேட்டோ உடம்போ நெட்டைத் தொட்டால் அது ஃபால்ட். அவசரப்பட்டு நெட் பக்கம் பாய்ந்து, ஜெயித்திருக்க வேண்டிய புள்ளியைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய பேர்.

அடுத்தது, உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது. நடுவர் இல்லாத ஆட்டத்தில், எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தவர் சொல்வதுதான் வழக்கம். விழுந்தவுடனே, எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்படி ‘அவுட்’ என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அப்புறம் குனிந்து எடுங்கள். ஒன்றும் பேசாமல் ஷட்டிலை எடுத்து எதிர்ப்பக்கம் தட்டிவிட்டால், புள்ளி தங்களுக்குத்தான் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாதி வழியில் ஷட்டில் பறக்கும்போது ‘ஏய், அது அவுட்’ என்று கத்துவதில்தான் முக்கால்வாசிச் சண்டை தொடங்குகிறது. சந்தேகமாக இருந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்லிவிடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடுங்கள்.

யார் எடுக்க வேண்டும்?

உங்கள் பக்கம் கிடந்தால் நீங்கள்தான். புள்ளியை ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது இங்கே கணக்கே இல்லை. எதிராளியின் ஸ்மாஷ் உங்கள் கோட்டுக்கு வெளியே போய்ப் பின்சுவரோரம் கிடந்தாலும், அருகில் இருப்பவர் நீங்கள் என்பதால் நீங்களே போய் எடுத்துவிடுங்கள். டபுள்ஸில் இருவரில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர். ‘நீ எடு’ என்பதுபோல் பார்ட்னர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆகாது. இருவருமே அசையாமல் நிற்க, எதிர்ப்பக்கம் இருவர் காத்திருக்க, நாலு பேருக்கும் உடம்பு ஆறிப்போகும்.

நெட்டுக்கு நேர் கீழே, நடுவில் கிடந்தால்? புள்ளியை இழந்தவர் எடுத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். ஜெயித்தவர்தான் அடுத்து சர்வீஸ் போடப் போகிறார். அவர் தன் இடத்துக்குப் போய் நிற்பதற்குள் ஷட்டில் அவர் கைக்கு வந்துவிட்டால் ஆட்டம் தடையில்லாமல் ஓடும். ஆனால் இதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு, காலடியில் கிடப்பதை எடுக்காமல் எதிராளி வரட்டும் என்று நிற்காதீர்கள்.

ஷட்டில் மேலே கூரைக் கம்பியிலோ, விளக்கு மேலோ, வேலிக்கு அப்பாலோ போய்விட்டால் தெருக் கிரிக்கெட் சட்டம்தான்: அடித்தவர்தான் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் கிடக்கும் ஷட்டிலை, அவர் எடுக்க நேரமாகிறது என்று நீங்களே நெட்டுக்கு அடியில் பேட்டை நீட்டி இழுக்காதீர்கள். கேட்டு வாங்குங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சூடான ஆட்டத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2023 அக்டோபரில் டென்மார்க் ஓபன் அரையிறுதியில் இந்தியாவின் பி.வி.சிந்துவும் ஸ்பெயினின் கரோலினா மரினும் மோதினார்கள். சத்தம் போட்டது, தயாராக நேரம் எடுத்தது என்று ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த ஆட்டத்தில், சிந்துவின் பக்கம் கிடந்த ஷட்டிலை மரின் எடுக்கப் போனது வாக்குவாதமாக வெடித்தது. நடுவர் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். இதே இருவர்தான் 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள். அன்று ஜெயித்த மரின் தரையில் விழுந்து அழுதுகொண்டிருக்க, தோற்ற சிந்து போய் அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார். நல்ல மனது உள்ளவர்களுக்கே நெட்டுக்குக் குறுக்கே ஒரு கை வந்தால் கோபம் வரும் என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கோர்ட்டுகளில் நாலு பேரில் சின்னப் பையன் ஒருவன் இருந்தால், மாலை முழுக்க ஷட்டில் பொறுக்குவது அவன் வேலையாகிவிடுகிறது. ‘தம்பி, அதை எடுப்பா’ என்று ஒருமுறை சொன்னால் சரி. ஒவ்வொரு புள்ளிக்கும் அவனையே ஓடவிடுவது தப்பு. அவனும் ஆடத்தான் வந்திருக்கிறான். முழங்கால் வலி உள்ள பெரியவர் ஒருவர் ஆடினால் அவருக்காகக் குனிவது வேறு. அதை எல்லோரும் சொல்லாமலேயே செய்வார்கள், செய்யவும் வேண்டும்.

எடுத்தவுடன் ஷட்டிலைப் பாருங்கள்

இறகு ஷட்டிலில் 16 இறகுகள். எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. இவ்வளவு லேசான பொருளில் ஒரே ஒரு இறகு முறிந்தாலும் பறக்கும் விதம் மாறிவிடும்; சுழல வேண்டியது தள்ளாடும். அதனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி பார்ப்பது கொடுப்பவரின் வேலை.

கார்க்கை (இறகுகள் செருகியிருக்கும் உருண்டையான அடிப்பகுதி) பிடித்துத் தூக்குங்கள். இறகு நுனியைப் பிடித்து அல்ல. இறகின் இழைகள் பிரிந்து கலைந்திருந்தால், நடுத்தண்டை ஒட்டி விரலை வைத்து மெதுவாக வெளிப்பக்கமாக நீவிவிடுங்கள். இழைகள் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்கொன்று ஏறிக்கொண்ட இறகுகளை விலக்கி வரிசையாக விடுங்கள். நைலான் ஷட்டிலில் பாவாடைபோல் விரிந்த பகுதி உள்ளே அமுங்கியிருந்தால் உள்ளிருந்து விரலால் தள்ளினால் போதும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஆகாது.

தண்டு முறிந்திருந்தால் நீங்களாகவே முடிவு செய்து தூக்கிப் போடாதீர்கள். உயர்த்திக் காட்டி, ‘மாத்தலாமா?’ என்று கேளுங்கள். எதிர்ப்பக்கமும் சரி என்றால் மாற்றுங்கள். முறிந்தது தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் சர்வீஸ் போடக் கொடுத்துவிடுவது இதைவிட மோசம். அப்புறம் ஒன்று: ஷட்டில் வேகமாகப் போகிறது என்று நுனி இறகுகளை மடக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எதிராளிக்குத் தெரியாமல் அதைச் செய்யவே கூடாது. ஷட்டிலின் வேகத்தையோ பறக்கும் விதத்தையோ மாற்ற வேண்டுமென்றே அதைச் சிதைப்பது உலக இறகுப்பந்து சம்மேளனத்தின் விதிகளில் ஒழுங்கீனம் என்றே இருக்கிறது.

கையால் எடுப்பதா, பேட்டால் எடுப்பதா?

இரண்டும் சரி. பேட்டால் கோரி எடுப்பது பார்க்க அழகு, இடுப்புக்கும் நல்லது. ஷட்டில் உங்கள் வலது காலுக்கு வெளியே கிடக்கும்படி நில்லுங்கள் (இடது கைக்காரர் என்றால் இடது காலுக்கு வெளியே). முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பேட்டின் தலையைத் தரையோடு ஒட்டிக் கிட்டத்தட்டப் படுக்க வையுங்கள். ஷட்டிலை நோக்கி வேகமாகச் சறுக்கி, விளிம்பு அடியில் நுழைந்த கணத்தில் மணிக்கட்டைத் திருப்பி மேலே தூக்குங்கள். மெதுவாகத் தள்ளினால் ஷட்டில் உருண்டு ஓடும், வேகம் வேண்டும். சிமென்ட் தரையில் இதைச் செய்தால் பேட்டின் பெயின்ட் உரியும், அங்கே கையால் எடுப்பதே நல்லது. மேட் விரித்த தரையிலும் மரத் தரையிலும் பயமில்லை.

இன்னும் வரவில்லை என்றால் ஆட்டத்துக்கு நடுவே பழகாதீர்கள். மூன்று நாலு தடவை கோரிக் கோரி ஷட்டில் நழுவிக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் காத்திருக்கிறார். குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் ஓரமாக நின்று பழகுங்கள்.

காலால் மட்டும் வேண்டாம். நாம் ஆடும் பொருளைக் காலால் உதைத்துத் தள்ளுவது நம்மில் பலருக்கு மனதை உறுத்தும். பேட் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. அந்த உணர்வைத் தள்ளி வைத்தாலும், ஷூ பட்டால் இறகு உடையும்.

எங்கே, எப்படி அனுப்ப வேண்டும்?

இதுதான் முக்கியமான இடம். நெட்டுக்கு மேலாக அனுப்புங்கள். நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர்தான், கீழிருந்து மென்மையாக ஒரு தட்டு தட்டினால் தாராளமாகத் தாண்டிவிடும். அடியில் தள்ளினால் என்ன ஆகிறது? ஷட்டில் கூம்பு வடிவம். தரையில் விட்டால் நேராக உருளாது, வட்டம் போட்டுத் திரும்பும். நீங்கள் அவர் காலடிக்குத் தள்ளியதாக நினைத்திருப்பீர்கள், அது பாதியில் வளைந்து ஓரமாகப் போய் நிற்கும். அவர் நடந்துபோய்க் குனிந்து எடுக்க வேண்டும். இறகு தரையில் தேய்வது தனி நஷ்டம்.

டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் சில சமயம் அடியில் தட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிராளி நெட்டருகிலேயே நிற்கும்போது அது பரவாயில்லை. அப்படி நெருக்கமாக இருந்தால், நெட்டுக்கு மேலே கையை நீட்டி நேராகக் கையிலேயே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

தட்டும் விதம்: ஷட்டிலை மற்ற கையில் பிடித்து, இடுப்புக்குக் கீழே விட்டு, அண்டர்ஹேண்டில் மெதுவாக, வளைவு உயரமாக. அவர் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இறங்க வேண்டும். ஷட்டில் காற்றில் சீக்கிரம் வேகம் குறைந்து, கடைசியில் செங்குத்தாக இறங்கும். அதனால் வளைவு உயரமாக இருந்தால் பிடிக்க நேரம் கிடைக்கும். தட்டையாக, முகத்துக்கு நேராக அடிக்கவே கூடாது. கண்ணில் ஷட்டில் பட்டால் எவ்வளவு ஆபத்து என்பது இந்த ஆட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ரேலி நடக்கும்போது எதிராளி பேட்டை உயர்த்தித் தயாராக நிற்பார், ரேலி முடிந்தபின் அப்படி நிற்கமாட்டார். புள்ளி போன கடுப்பில் பின்சுவரைப் பார்த்து ஓங்கி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடுப்பை அடுத்த ரேலியில் காட்டுங்கள்.

நீங்கள் பின்கோட்டில் இருக்கிறீர்கள், சர்வீஸ் போடுபவர் அந்தப் பக்கம் நடுவில் நிற்கிறார் என்றால், கோர்ட்டின் மொத்த நீளம் 13.40 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். அங்கிருந்து சரியாகக் கைக்கு அனுப்புவது பழக்கம் இல்லாதவர்களுக்குக் கடினம். நாலு எட்டு முன்னால் நடந்து வந்து தட்டுங்கள்.

அனுப்பும் முன் அவர் உங்களைப் பார்க்கிறாரா என்று பாருங்கள். ஷூ லேஸ் கட்டிக்கொண்டோ, துண்டால் முகம் துடைத்துக்கொண்டோ, பார்ட்னரிடம் பேசிக்கொண்டோ இருந்தால் காத்திருங்கள். வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு: பேட்டையோ கையையோ லேசாக உயர்த்தி ‘அனுப்புங்க’ என்று காட்டுங்கள், வந்ததும் தலையசையுங்கள். தவறாக வந்துவிட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

டபுள்ஸில் யாருக்கு?

பலரும் தடுமாறும் இடம் இது. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஷட்டிலை யாரிடம் கொடுப்பது? சர்வீஸ் போடப் போகிறவரிடம்தான். புள்ளியை ஜெயித்த பக்கம்தான் சர்வீஸ் போடும். அவர்களுடைய ஸ்கோர் இரட்டைப்படை என்றால் வலது கட்டத்திலிருந்து, ஒற்றைப்படை என்றால் இடது கட்டத்திலிருந்து. நீங்கள் சர்வீஸ் போட்டுத் தோற்று, அவர்கள் ஸ்கோர் 7-லிருந்து 8 ஆகிறது என்று வையுங்கள். 8 இரட்டைப்படை. அவர்களில் வலது கட்டத்துக்கு உரியவர் யாரோ அவர்தான் அடுத்து சர்வீஸ். அவர்களுக்கு வலது என்பது எதிரில் நிற்கும் உங்களுக்கு இடது கைப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். அவர்களே சர்வீஸ் போட்டு ஜெயித்திருந்தால் கேள்வியே இல்லை, அதே ஆள்தான், கட்டம் மட்டும் மாறுவார்.

குழப்பமாக இருந்தால் ‘யார் சர்வீஸ்?’ என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நாலு பேரும் ஸ்கோரைச் சரிபார்த்துக்கொள்ளும் நேரம் அதுதான். சர்வீஸ் போடுபவர் தன் ஸ்கோரை முதலிலும் எதிராளி ஸ்கோரை அடுத்தும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போட்டால், 14-ஆ 15-ஆ என்ற தகராறு வராது.

நெட்டில் சிக்கிய ஷட்டில்

நெட்டின் கண்கள் 15 முதல் 20 மில்லிமீட்டர். ஷட்டிலின் கார்க் 25 முதல் 28 மில்லிமீட்டர். எனவே முழுவதும் நுழையாது; வேகமாக அடித்தால் கார்க்கின் முனை மட்டும் கண்ணில் செருகி நிற்கும். பலர் இறகுப் பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். இறகும் போகும், நெட் நூலும் தளரும். கார்க் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் இருப்பவர் கட்டைவிரலால் கார்க்கைப் பின்னுக்குத் தள்ளினால் ஷட்டில் தானாக விழும். மற்றவர் கீழே கை வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இதற்கு இரண்டு பக்கமும் ஒரு கை வேண்டும், அதனால் நெட்டருகில் நிற்பவர்கள் இருவரும் முன்வாருங்கள்.

பக்கத்து கோர்ட்

உங்கள் ஷட்டில் பக்கத்து கோர்ட்டுக்குள் போய்விட்டால் அவர்கள் ரேலி முடியும்வரை கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஓடிப்போய் எடுப்பது அவர்கள் புள்ளியைக் கெடுப்பது மட்டுமல்ல, பின்னால் நகர்ந்து வருபவர் உங்கள்மேல் மோதுவார். ஆனால் ஷட்டில் அவர்கள் காலடியில் கிடந்தால் ‘ஷட்டில், ஷட்டில்’ என்று உடனே சத்தம் போடுங்கள். கார்க்கின்மேல் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி லெட் எடுத்துக்கொள்வார்கள். அதற்காக யாரும் கோபப்படக் கூடாது. அவர்கள் ஷட்டில் உங்களிடம் வந்தாலும் அதேதான்: ரேலியை நிறுத்துங்கள், எடுத்து அவர்கள் ஓரக்கோட்டருகில் நிற்பவருக்குத் தட்டுங்கள். தூரத்து மூலைக்கு அடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடராதீர்கள்.

எவ்வளவு நேரம் எடுக்கலாம்?

நீண்ட ரேலிக்குப் பிறகு மூச்சு வாங்கும். பத்து நொடி நடந்துவிட்டு வருவதை யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஷட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பதுதான் தப்பு. களைப்பு நீங்குவதற்காக ஆட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. எனக்கு மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஷட்டிலை அனுப்பிவிட்டு, அப்புறம் கையை உயர்த்தி ஒரு நிமிஷம் என்று கேட்பேன். எதிராளி கையில் ஷட்டில் இருக்கும்போது கேட்பது வேண்டுகோள். என் கையில் வைத்துக்கொண்டு அவரைக் காக்க வைப்பது வேறு.

எதிர்ப்பக்கம் தயாராகும் முன் சர்வீஸ் போடவும் கூடாது. ஷட்டிலை அனுப்பிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடப்பவரின் முதுகுக்குப் பின்னால் சர்வீஸ் போடுவதைச் சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் புள்ளி செல்லாது, லெட் ஆகும்.

நடுவர் இருக்கும் போட்டிகளில்

இங்கே ஷட்டில் மாற்றுவது நடுவர் கையில் இருக்கிறது. அவரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அவர் தடுக்கமாட்டார். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அவர்தான் முடிவு செய்வார். அனுமதி கிடைத்ததும் பழைய ஷட்டிலை சர்வீஸ் ஜட்ஜிடம் (சர்வீஸைக் கவனிக்கும் நடுவர்) கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்கு வெளியே அடித்துத் துரத்தாதீர்கள். துண்டு எடுக்கப் போகவும் அனுமதி கேளுங்கள். ஒரு பக்கம் 11 புள்ளி எட்டியதும் 60 நொடி, இரண்டு கேம்களுக்கு நடுவே 120 நொடி இடைவேளை இருக்கிறது. தண்ணீர், துண்டு எல்லாவற்றையும் அதில் முடித்துக்கொள்வது நல்லது. தாமதம் தொடர்ந்தால் மஞ்சள் அட்டை எச்சரிக்கை. அதன்பின் சிவப்பு அட்டை வந்தால் புள்ளி எதிராளிக்குப் போகும்.

தொடர்ந்து தப்பாகச் செய்பவரிடம் எப்படிச் சொல்வது?

ஆட்டத்துக்கு நடுவில், எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போது பக்கத்தில் போய், ‘அண்ணே, ஷட்டிலை மேலாகவே அனுப்புங்க, குனிஞ்சு எடுக்க முதுகு இழுக்குது’ என்று சொன்னால் போதும். பெரும்பாலானவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். மூத்தவர் என்றால் சொல்வதற்கும் முன்னால், நீங்கள் அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு ஷட்டிலையும் சரியாக அவர் கைக்கே அனுப்பிக்கொண்டிருங்கள். இரண்டு மூன்று கேமில் அவரும் அப்படியே அனுப்பத் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியும் மாறவில்லை என்றால், மேலே சொன்னதுபோல் தனியாகப் பேசுங்கள்.